காரைத் திருப்பி நிறுத்தியபோது கிடைத்த இடம்

வாடகை ஸ்டோரேஜ் அறையில் காரை நிறுத்திவைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக ரேக் போடுங்கள், வேலை முடிந்தது என்கிறார்கள். "காருக்குப் பக்கத்துல அவ்வளவு இடம் சும்மா கிடக்கே, அதை ஏன் விடுறீங்க?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கார் நிற்கும் அறையில் தரையின் பெரும்பகுதியைக் காரே எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது சுற்றிலும் ஒரு பட்டை இடம். அந்தப் பட்டைக்கும் சேர்த்துத்தான் மாத வாடகை. அதில் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் இறக்க வேண்டும், அதுவும் காருக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்றுகொண்டு. ரேக் தேவை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் "பக்கச் சுவரை ஒட்டி" என்ற அந்த வார்த்தைகளை மட்டும் மனம் ஏற்கவில்லை. வண்டிக்குள் இருந்து இறங்குகிறவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் காரணம்.

இந்த விஷயத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை வெறும் அறையைப் பார்த்துச் சொல்லப்படுபவை. அறையைக் காலியாக வைத்துப் படம் வரைவார்கள், சுவரோரம் ரேக்கை வரைவார்கள், கடைசியில் நடுவில் ஒரு செவ்வகம் போட்டு அதைக் கார் என்பார்கள். கார் அப்படிச் சும்மா கிடக்கும் செவ்வகம் அல்ல. அது உள்ளே வரும், வெளியே போகும், கதவு விரியும், டிக்கி தூக்கும், பேட்டரி இறங்கினால் பானெட்டைத் திறந்தாக வேண்டும். அசையும் பொருளுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, அது தொடாத இடங்களில் மட்டும் அசையாத பொருளை வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் தெளிவு வந்துவிட்டால் ரேக்கின் அளவு, உயரம், வகை எல்லாம் தானாகவே முடிவாகிவிடும்.

சுவரில் ஆணி அடிக்க முடியாத அறை

வீட்டு கராஜாக இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சுவரில் துளை போட்டு, பிராக்கெட் மாட்டி, தரையைத் தொடாமலே தட்டுகளை ஏற்றிவிடலாம். வாடகை அறையில் ஒப்பந்தமே பெரும்பாலும் அதைத் தடுத்துவிடும். ஒப்பந்தம் அனுமதித்தாலும் சுவர் தாங்காது. இந்த அறைகளைப் பிரிப்பவை பல இடங்களில் மெல்லிய நெளிதகடுகள்தான், அந்தப் பக்கம் இன்னொருவரின் சாமான். ஆகவே ரேக் தன் காலில் தானே நிற்க வேண்டும். சுவரில் சாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். தகடு நசுங்கும், காற்றோட்டம் போய் ஈரம் தங்கும். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுவது நல்லது.

தனித்து நிற்கும் ரேக் எப்போது கவிழும் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். 180 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம் உள்ள ஒரு ரேக்கை எடுத்துக்கொள்வோம். சாமானோடு சேர்ந்து மொத்தம் 100 கிலோ. அதன் உச்சியைப் பிடித்து முன்பக்கமாக இழுத்தால் பின்கால்கள் தரையை விட்டு எழும்ப எவ்வளவு விசை வேண்டும்? எடையை ஆழத்தில் பாதியால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் 11 கிலோ சொச்சம் வருகிறது. நூறு கிலோவைக் கிளப்ப 11 கிலோ இழுவை போதும். மேல் தட்டில் சிக்கிக்கொண்ட ஒரு பெட்டியை வெடுக்கென்று இழுக்கும்போது அந்த விசையை நாம் சாதாரணமாகக் கொடுத்துவிடுகிறோம். கனமான சாமானைக் கீழே வைத்தால் பாதுகாப்பு என்பது உண்மைதான், ஆனால் அந்த முதல் 11 கிலோ அதனால் மாறுவதில்லை. மாறுவது சாயும் கோணம். எடையின் மையம் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் சுமார் 12 டிகிரி சாய்ந்ததுமே ரேக் கவிழ்ந்துவிடும். அதே மையத்தை 45 செ.மீ.க்கு இறக்கினால் 24 டிகிரி வரை சாய்ந்தும் திரும்பி நின்றுவிடும். ஆகவே கனம் கீழே என்பதோடு சேர்த்து உயரத்துக்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும். எதனோடும் பிணைக்காத ரேக்கை ஆழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது நான் பின்பற்றும் கணக்கு. 40 செ.மீ. ஆழத்துக்கு 160, 45க்கு 180.

பக்கச் சுவர் வரிசையைப் பற்றி எனக்கிருந்த உறுத்தல் இந்த இடத்தில்தான் வலுத்தது. பின்சுவரில் நிற்கும் ரேக் சாய்ந்தால் அதற்கும் காருக்கும் நடுவே கொஞ்சம் வெற்றுத்தரை இருக்கும். பக்கச் சுவரில் நிற்பது சாய்ந்தால் நேரே கதவின் மேலும் கண்ணாடியின் மேலும்தான் விழும். இருந்தும் இடத்தைப் பார்த்தால் பக்கச் சுவரை முழுசாகக் கைவிடவும் மனம் வரவில்லை.

சாக்பீஸ் கோடுகள்

நடுத்தர அளவு கார் ஒன்றுக்குப் பரவலாகக் கிடைக்கும் அறை 10 அடி அகலம், 20 அடி நீளம். அதாவது 305க்கு 610 செ.மீ. காரின் அகலம் 180 என்றும் நீளம் 440 என்றும் வைத்துக்கொள்வோம். டிரைவருக்கு மறுபக்கச் சுவரில் இருந்து 25 செ.மீ. விட்டு, சைடு மிரரை மடக்கி நிறுத்தினால் டிரைவர் பக்கத்தில் 100 செ.மீ. கிடைக்கும். இதில் 40 செ.மீ. ஆழ ரேக்கை நீளம் முழுக்கப் போட்டால் மிச்சம் 60. காகிதத்தில் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரின் முன்கதவு ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். அது 60 செ.மீ.க்குள் பாதிகூட விரியாது. ஒல்லியானவர் உடம்பை வளைத்து இறங்கிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர், கையில் சாமானோடு வருகிறவர் எல்லாம் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு முறையும் கதவின் ஓரம் ரேக்கின் காலில் இடிக்கும் பயம் வேறு.

அதனால் ரேக் எதையும் வாங்குவதற்கு முன்னால் காரை உள்ளே நிறுத்தி, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றின் விளிம்பு போகும் வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். டயர் நிற்கும் இடங்களைக் குறித்தேன். நான் இறங்கி ஷட்டர் வரை நடக்கும் வழியையும் வரைந்தேன். கோடுகளை நின்று பார்த்தபோது, கதவுகளின் வளைவு பக்கச் சுவரின் நடுப்பகுதியில்தான் விழுந்திருந்தது. முன்பம்பரில் இருந்து கதவின் கீல் வரை, ஏறக்குறைய 130 செ.மீ.க்கு, எந்தக் கோடும் இல்லை. அங்கே கார் எதையும் திறப்பதில்லை. பின்சீட்டில் ஆள் இல்லாமல்தான் உள்ளே வருவோம், ஆகவே பின்கதவின் வளைவையும் அழித்துவிடலாம். அழித்துவிட்டுப் பார்த்தால், மொத்தக் காருக்கும் உண்மையில் தேவைப்படுவது ஒரே ஒரு கதவின் வளைவும், அங்கிருந்து வாசலுக்கு ஒரு நடைபாதையும்தான்.

கார் அப்போது மூக்கை உள்ளே விட்டு நின்றிருந்தது. டிரைவர் கதவின் வளைவு அறையின் நட்டநடுவில். என் நடைபாதை காரின் பின்பாதி முழுக்க உரசிக்கொண்டு வாசலுக்குப் போனது. காரை வெளியே எடுத்து, ரிவர்ஸில் உள்ளே விட்டு, மறுபடியும் கோடு போட்டேன். டிரைவர் இருக்கும் பக்கமும் எதிர்ச்சுவருக்கு மாறிவிட்டது, அதனால் காரை இந்தச் சுவர்ப் பக்கமாக ஒட்டி நிறுத்தினேன். இப்போது கதவின் வளைவு ஷட்டருக்கு அருகே வந்துவிட்டது. நடைபாதை சில எட்டுகளாகச் சுருங்கிவிட்டது. காருக்கும் பின்சுவருக்கும் நடுவே 140 செ.மீ. விட்டிருந்தேன். பின்சுவரில் இருந்து அளந்தால், மூக்கு உள்ளே இருந்தபோது பக்கவாட்டில் 270 செ.மீ. வரை ரேக் போட முடிந்த இடத்தில் இப்போது 340 வரை போகலாம். பின்சுவரில் 60 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வரிசை வரும், அதைக் கழித்தால் 210க்குப் பதில் 280. ரேக் ஒன்று 90 செ.மீ. அகலம். இரண்டு நிற்கும் இடத்தில் மூன்று நிற்கும். காரை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறோம் என்பதே ஒரு முழு ரேக்கைத் தரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரிவர்ஸில் நிறுத்துவதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. நாள்கணக்கில் ஓட்டாமல் நிற்கும் காரின் பேட்டரி இறங்கும். அந்த நேரத்தில் பெரும்பாலான கார்களில் பேட்டரி இருக்கும் பானெட் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு, ரேக்குகளுக்கு நடுவே மாட்டியிருந்தால், ஜம்பர் கேபிளை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பது? பானெட் வாசலைப் பார்த்திருந்தால் உதவிக்கு வரும் வண்டி ஷட்டர் வரை வந்து நின்றால் போதும். இழுத்துச் செல்ல நேர்ந்தாலும் முன்பக்கக் கொக்கி கைக்கு எட்டும்.

இதில் ஒரு விலையும் இருக்கிறது. சைலன்சரின் வாய் பின்வரிசை ரேக்கைப் பார்க்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அந்த ஈரமும் புகையும் கீழ்த்தட்டின் மேல் படியும். ஆகவே பின்வரிசையின் கீழ்த்தட்டில் துணி, புத்தகம், அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களை வைக்கலாம். உள்ளே நிறுத்தியதும் இன்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஷட்டர் சுவரின் நிழல்

இன்னொரு இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஷட்டரின் திறப்பு அறையின் அகலம் முழுக்க இருப்பதில்லை. 10 அடி அறைக்கு 8 அல்லது 9 அடிதான் திறப்பு, இரண்டு பக்கமும் சிறிய துண்டுச் சுவர் இருக்கும். கார் அந்தத் திறப்பு வழியாகத்தான் நேராக வந்து போகிறது. அப்படியானால் துண்டுச் சுவரின் அகலத்துக்கு, ரேக் நிற்கும் பக்கச் சுவரை ஒட்டி உள்ளே நீளும் பட்டையில் காரின் உடம்பு எப்போதும் வராது. துண்டுச் சுவர் 30 செ.மீ. இருந்தால் 40 செ.மீ. ஆழ ரேக்கில் பத்து செ.மீ. மட்டுமே காரின் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்க வரிசைக்கு 40ஐத் தாண்டக் கூடாது என்று நான் முடிவு செய்ததற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் பெட்டியை இழுப்பது. ரேக்கின் ஆழத்தைவிட அதன் முன்னால் இருக்கும் இடைவெளி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி பாதி வெளியே வந்து காரில் முட்டி நிற்கும். 40 ஆழத்துக்கு முன்னால் 60 இருப்பது வசதி. பின்வரிசையில் கதை வேறு. காரின் மூக்குக்கும் ஷட்டருக்கும் 30 செ.மீ. விட்டால் பின்னால் 140 கிடைக்கும். 60 செ.மீ. ஆழ ரேக் போட்டாலும் நிற்க 80 மிஞ்சும். செடான் டிக்கி மேலே தூக்குவதால் அது போதும். ஹேட்ச்பேக்காக இருந்தால் பின்கதவு வெளியே வீசித் திறக்கும், அதன் வளைவையும் கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும்.

பின்வரிசையும் பக்க வரிசையும் மூலையில் சந்திக்கும். கவிழும் பயத்துக்குச் சுவரில்லாமல் கிடைக்கும் தீர்வு அந்த மூலைதான். ஒரே வரிசையில் ரேக்குகளை இணைத்தால் ஒன்றை இழுக்கும்போது மற்றவற்றின் எடையும் சேர்ந்து தடுக்கும், ஆனால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் சாயும் கோணம் அதேதான். ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரண்டு வரிசைகளை மேலும் கீழும் போல்ட் போட்டுப் பிணைத்தால் ஒவ்வொன்றின் அகலமும் மற்றதற்கு முட்டுக் கொடுக்கிறது. பக்க வரிசை காரின் மேல் சாய வேண்டுமென்றால் பின்வரிசையையும் அதன் நீளவாக்கில் தூக்கியாக வேண்டும், அது எளிதில் நடக்காது. அப்படிப் பிணைத்த பிறகும் வாசல் பக்கக் கடைசி ரேக்கை நான் 160க்கு மேல் ஏற்றுவதில்லை. மூலையில் இருந்து தள்ளிப்போகப் போக அந்தப் பிடிமானம் குறைகிறது, டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் நிற்பதும் அதுதான்.

ரேக்கின் வகை

மூலையில் பிணைக்க வேண்டும் என்றால் துளையிட்ட ஆங்கிள் ரேக்கை, அதாவது வரிசையாகத் துளை போட்ட L வடிவ இரும்புச் சட்டங்களால் ஆன ரேக்கை, மிஞ்ச எதுவும் இல்லை. அச்சகம் நடத்திவந்த பொறியாளர் டெமெட்ரியஸ் கோமினோ, இந்தத் துளையிட்ட ஆங்கிளை விற்பதற்காகவே 1947இல் லண்டனில் டெக்ஸியன் நிறுவனத்தைத் தொடங்கினார். வெட்டி, நட்டு போல்ட் போட்டு, வேண்டாதபோது பிரித்து, வேறு வடிவத்தில் மறுபடி பூட்டலாம் என்பதுதான் அதன் பலம். வாடகை இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் இருக்க முடியாது. மூலைத்தகடுகளை விட்டுவிடாமல் போட வேண்டும், அவை இல்லாவிட்டால் சட்டம் பக்கவாட்டில் ஆடும். போல்ட் இல்லாமல் தட்டிப் பூட்டும் ரிவெட் ரேக்குகள் சீக்கிரம் எழும்பும், எடையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அவற்றோடு வரும் பார்ட்டிகிள் போர்டு தட்டு ஈரத்தில் ஊதிவிடும். சட்டத்தை வைத்துக்கொண்டு தட்டை மட்டும் ப்ளைவுட்டாக மாற்றிக்கொள்ளலாம். கம்பி ரேக்கில் தூசி தங்காது, காற்று ஓடும், சிறு சாமான் மட்டும் இடுக்கில் விழும். பிளாஸ்டிக் ரேக்கைக் கனமில்லாத பொருளுக்கு மட்டும் சொல்வேன்.

சக்கரம் வைத்த ரேக் வேண்டவே வேண்டாம். தள்ளிக்கொள்ளலாமே என்று ஆசையாக இருக்கும். சக்கரம் போட்டதும் தாங்கும் எடை வெகுவாகக் குறைகிறது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எடை, சமதரையில், நிலையான கால்களில், தட்டு முழுக்கப் பரவலாகச் சாமான் வைத்தால்தான் பொருந்தும். இந்த அறைகளின் தரை சமதரையும் அல்ல.

தரையின் வாட்டம்

தண்ணீர் உள்ளே தங்காமல் இருக்க, கார் நிறுத்தும் அறைகளின் கான்கிரீட் தரைக்கு ஷட்டரை நோக்கி லேசான வாட்டம் கொடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டம் என்றால்கூட 180 செ.மீ. ரேக்கின் உச்சி கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. தள்ளி நிற்கும். பின்வரிசை ரேக் அந்த வாட்டத்தால் சாய்வது நேரே காரை நோக்கித்தான். கால்களை நிமிர்த்தும் திருகு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முன்கால்களின் அடியில் தகட்டுத் துண்டுகளோ கெட்டி ரப்பரோ கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகுதான் சாமான் ஏற்ற வேண்டும். நான் ரேக்கை முன்பக்கம் ஒரு நூல் தூக்கி, சாய்வு பின்சுவரை நோக்கி இருக்கும்படி விடுகிறேன். சாமான் ஏற்றிய பிறகு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும், எடை ஏறியதும் கால் கொஞ்சம் அமுங்கும்.

இதே வாட்டம் காரையும் வெளிப்பக்கமாக இழுக்கும். நீண்ட நாள் நிறுத்தும் காருக்கு ஹேண்ட்பிரேக் போட்டுவைத்தால் பிரேக் விடாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பலர் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள். கட்டை முன்பக்கமும் வேண்டும், பின்பக்கமும் வேண்டும். பின்பக்கக் கட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரிவர்ஸில் வரும்போது சக்கரம் அதில் முட்டி நிற்கும், பம்பருக்கும் ரேக்குக்கும் நடுவே அந்த 80 செ.மீ. ஒவ்வொரு முறையும் தவறாமல் கிடைக்கும். டயர் குறித்த சாக்பீஸ் கோட்டில் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைப் பெயின்ட்டால் சின்னதாகக் குறித்துக்கொள்ள உரிமையாளரிடம் அனுமதி கேட்கலாம். டேப் ஒட்டினாலும் போதும்.

எதை எங்கே வைப்பது என்பதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ரிம்மோடு உள்ள டயர் ஒன்று 20 கிலோவை நெருங்கும், நான்கும் பின்வரிசையின் கீழ்த்தட்டுக்கு. ரிம்மோடு இருந்தால் படுக்கவைக்கலாம், ரிம் இல்லாத டயரை நிற்கவைப்பது நல்லது. கழற்றிய பேட்டரியும் டூல் பெட்டியும் கீழே. பக்க வரிசையின் மேல் தட்டில் துணி, தலையணை, காலிப் பெட்டி மாதிரி விழுந்தாலும் காரை நசுக்காதவை மட்டும். ஒவ்வொரு தட்டின் முன் விளிம்பிலும் ஒரு குறுக்குப் பட்டையோ இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் கயிறோ இருக்கட்டும். கதவுக்கு அருகே நிற்கும் ரேக்கின் காலுக்கு மட்டும் ஏசி பைப்புக்குச் சுற்றும் கருப்பு ஃபோம் குழாயைக் கீறி மாட்டிவிடலாம். கீழ்த்தட்டைத் தரையில் இருந்து ஒரு சாண் தூக்கினால் கான்கிரீட்டின் ஈரம் ஏறாது, கழுவவும் வசதி. உச்சியில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதன் கீழே 45 செ.மீ. எதுவும் இல்லாமல் விட வேண்டும், தண்ணீர் விரிந்து விழ அந்த இடம் தேவை. பெட்ரோல் கேன், தின்னர், கேஸ் சிலிண்டர் எதையும் ரேக்கில் வைக்கக் கூடாது. ஒப்பந்தமும் அதைத் தடை செய்திருக்கும். தடை இல்லாவிட்டாலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தரையாகப் பரவிக்கிடக்கும்.

அறையைக் காலி செய்யும் நாளையும் இப்போதே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேல் தட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி இறக்க வேண்டும், மூலைப் பிணைப்பைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். நட்டு போல்ட்டையும் மூலைத்தகடுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு ஆங்கிள் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தொலையாது. அடுத்த அறை 9 அடி அகலமாக அமைந்தால் பக்க வரிசை போட முடியாது. அப்படி நேர்ந்தால் அந்த ஆங்கிள்களை வெட்டிப் பின்வரிசைக்கு இடைத்தட்டுகளாகப் பூட்டிக்கொள்வதாகத் திட்டம். மூலைப் பிணைப்பு இல்லாமல் போவதால் பின்வரிசை நான்கு மடங்குக் கணக்குக்குள் நின்றாக வேண்டும். 60 செ.மீ. ஆழம் இருப்பதால் 240 வரை இடமுண்டு, தட்டுகளைக் கூட்டினாலும் உயரத்தைக் கூட்டத் தேவையிருக்காது.